அழகுபாண்டியின் காப்பு

பாராட்டு விழாவுக்காகப் பரவை மார்க்கெட் வளைவில் ஆரம்பித்துக் கல்லூரி வாசல் வரைக்கும் பதினான்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பதினான்கிலும் நான் இருக்கிறேன். கேப்டன், கோல்கீப்பர், அதற்கு மேல் ‘இரும்புக் கோட்டை’ என்று ஒரு பட்டம் வேறு. தெற்குவாசலில் சேலைக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த இந்த ராஜகுரு இரும்புக் கோட்டையானதைப் பார்த்து, எங்கள் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே போனேன். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே பயம்தான். அழகுபாண்டியின் அம்மா வந்துவிடக் கூடாது.

ஏன் என்பதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் கால்பந்து அணி தொடங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. திண்டுக்கல் ரோட்டில், வாடிப்பட்டிக்கு முன்னால், கருவேலங்காட்டை வழித்துப் போட்டுக் கட்டிய கல்லூரி. உடற்கல்வி இயக்குநராக வந்த செல்வக்குமார் சாரை எல்லாரும் பி.டி. சார் என்றுதான் கூப்பிடுவோம். மைதானம் என்று அவருக்குக் காட்டிய இடத்தில் முள் பொறுக்கவே ஒரு மாதம் ஆனதாம். கோல் கம்பத்துக்குப் பதில் சவுக்குக் கட்டை. முதல் வருடத்து முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கித் திரும்பி வந்தார்கள். அடுத்த வருடம் நான் சேர்ந்தேன், ஒன்பது ஐந்தாகக் குறைந்தது. “ராஜகுரு வந்ததுல நாலு கோல் மிச்சம்டா” என்று பையன்கள் என்னை ஓட்டித் தள்ளினார்கள். எனக்குக் கோபம் வந்தால் அடுத்தவன் சட்டை கிழியும் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

அந்த வருடம் என்னோடு சேர்ந்தவன்தான் அழகுபாண்டி. பேரையூருக்கு அந்தப் பக்கம், மானாவாரிப் பருத்தி போடும் ஒரு ஊர். ஆறாம் வகுப்பிலிருந்து திருமங்கலம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். அங்கேதான் பந்து பழகியிருக்கிறான். ஆள் குட்டை. ஆனால் கார்னர் அடித்தால் ஆறடிக்காரன் இரண்டு பேருக்கு நடுவிலிருந்து தலை மட்டும் மேலே வரும். அவனும் நானும் விடுதியில் ஒரே அறை. அவனுக்கு என் வீட்டுப் பாஷையில் நான்கு வார்த்தை தெரியும், நான்கும் திட்டு. அவன் வந்த பிறகுதான் நாங்கள் கோல் போடவே ஆரம்பித்தோம். போன வருடம் கால் இறுதி. இந்த வருடம் பல்கலைக்கழக அளவில் அரை இறுதியையும் தாண்டி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரணி மதுரைக்குள் இருக்கும் நூறு வருடத்துக் கல்லூரி. அந்த முதல் வருடத்தில் ஒன்பது போட்டவர்களும் அவர்கள்தான்.

இதற்கு நடுவில் அழகுபாண்டியின் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நல்லகாமன் என்று பெயர். வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போவார். அந்த இரண்டு நாளும் அழகு ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருவான். டாக்டர் ஆவணியிலேயே கையை விரித்துவிட்டார். நாள் கணக்குத்தான் என்று அவனிடமே சொல்லிவிட்டார். அதை அவன் என்னிடம் சொன்னபோது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து எழுந்து ஓடப் போய்விட்டான்.

ஐப்பசியில் அவர்கள் ஊர் அம்மனுக்குத் திருவிழா நாள் குறித்துப் பொங்கல் சாட்டினார்கள். புருசன் பிழைக்க வேண்டும், மகன் தீச்சட்டி எடுப்பான் என்று அவன் அம்மா சீனியம்மாள் நேர்ந்துகொண்டார். வருடா வருடம் நல்லகாமன் எடுத்த சட்டி அது. அழகுபாண்டிக்கு இதுதான் முதல் தடவை. சட்டி எடுப்பவர்களுக்குப் பூசாரி கோயிலில் வைத்துக் காப்புக் கட்டுவார். மஞ்சள் தோய்த்த கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, வலது மணிக்கட்டில். கட்டிவிட்டால் எட்டு நாளைக்குக் கறி கிடையாது, ஊர் எல்லை தாண்டி ராத்தங்கல் கிடையாது, சட்டி இறக்கும் வரைக்கும் காப்பு கையை விட்டு இறங்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை கட்டினார்கள். அடுத்த செவ்வாய் தீச்சட்டி. நடுவில் வியாழன் அரை இறுதி, சனி இறுதிப் போட்டி. அவன் தினமும் விடியக் கருக்கலில் பேரையூர் பஸ் பிடித்து வந்து, ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தான்.

வியாழக்கிழமை பி.டி. சார் காப்பு மேல் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டார். அன்றைய நடுவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். அதனால் சனிக்கிழமையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. சனிக்கிழமை வந்தவர் வேறு ஆள். எங்களை வரிசையாக நிற்க வைத்து, பூட்ஸ் அடி, ஷின் கார்டு, காது, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். அழகுபாண்டியிடம் வந்ததும் நின்றார்.

“டேப்புக்குள்ள என்ன?”

“காப்பு சார். கோயில் காப்பு.”

“கயிறு, மோதிரம், வளையம் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தி மறைக்கிறதும் கூடாது. எடுத்துட்டு வா. இல்லன்னா வெளிய உக்காரு. கிக்-ஆஃபுக்குப் பத்து நிமிஷம் இருக்கு.”

அவர் மேல் தப்பே இல்லை. விதி அதுதான். இருந்தாலும் அன்றைக்கு அந்த மனிதரை நான் மனசுக்குள் வைத வசவை எழுத முடியாது.

பி.டி. சார் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து, “அழகு, ஒன் இஷ்டம்டா. நீ வெளிய உக்காந்தாலும் நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். டேய், அவன யாரும் வற்புறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, மாற்று ஆள் பெயரை எழுதிக் கொடுக்க மேசைப் பக்கம் போனார். சார் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கேட்காதவன் நான் ஒருத்தன்தான்.

முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழகுவை உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு இழுத்துப் போனேன். முதலில் காப்பைக் கழற்றி மாட்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். டேப்பைப் பிரித்துச் சோப்பு போட்டோம். கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. பூசாரி இறுக்கித்தான் கட்டியிருந்தார். தேய்த்துத் தேய்த்து அவன் கை சிவந்ததுதான் மிச்சம்.

“விட்ரு மாப்ள. நான் உக்காந்துக்கிறேன்.”

“எம்புட்டு நாளு முள்ளு பொறுக்கிருக்கோம்? இன்னைக்குப் போயி நீ வெளிய உக்காருவியா?”

“எங்கப்பாவுக்காகக் கட்டுனதுடா.”

“ஒங்கப்பாவே இங்க நின்னா என்ன சொல்வாரு? வெளையாடுடான்னுதான் சொல்வாரு.”

அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரை நான் அதுவரைக்கும் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் அது அவனுக்குள் இறங்கிவிட்டது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். உடனே அடுத்ததையும் சொன்னேன். “வெட்டிட்டு, மேட்ச் முடிஞ்சதும் அதே கயிற திரும்பக் கட்டி விட்டுர்றேன். யாருக்குத் தெரியப் போகுது? கேட்டா நான் பதில் சொல்றேன்.”

அவன் வலது கையை என் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பெட்டியில் பிளாஸ்திரி வெட்டும் கத்தரி இருந்தது. கிழங்குக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வெட்டினேன். ஈரக்கயிறு ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது. அதை என் இடது கையுறைக்குள் வைத்துக்கொண்டேன். ஆட்டம் முழுக்க அந்தக் கிழங்கு என் உள்ளங்கையை உறுத்திக்கொண்டே இருந்தது.

எழுபத்தோராவது நிமிடம் வரைக்கும் கோல் இல்லை. தூறல் வேறு. கார்னர் கிடைத்தது. நான் எதிர்க் கோடியில் நின்றிருந்தேன், ஆள் கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. பார்த்தால் அழகுபாண்டி இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், பின்னால் பையன்கள் ஓடுகிறார்கள். அந்த நிமிடம் நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது சந்தோஷத்தில் வந்த அழுகை. அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். நான்கு வயசு அணி நூறு வயசுக் கல்லூரியை ஜெயித்துவிட்டது என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

கோப்பையை வாங்கிப் படம் எடுத்து முடித்ததும் அதே குழாயடிக்குப் போனோம். வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். கயிறு ஈரத்தில் வழுக்கியதில் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

“பாத்தா தெரியுதா மாப்ள?”

“ஒண்ணும் தெரியல. சட்டையை இறக்கி விட்டுக்க.”

கொண்டாட்டத்துக்கு நிற்காமல் ஊருக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை தீச்சட்டி பார்க்க நாங்கள் நான்கு பேர் அவன் ஊருக்குப் போனோம். ஈரத்துண்டு கட்டி, வேப்பிலை செருகி, கையில் எரிகிற சட்டியோடு அவன் தெருவில் வந்தான். சீனியம்மாள் முன்னால் குலவை போட்டுக்கொண்டே வந்தார். நல்லகாமன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, ஆள் அடையாளமே மாறியிருந்தார். மகன் சட்டியோடு எதிரே வந்து நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அழகுபாண்டி அப்பாவைப் பார்க்கவில்லை. தீயைப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்தே இருந்தான். இது வெறும் கயிறு, கயிறுதான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நாள் நல்லகாமன் இறந்துபோனார்.

துட்டி கேட்கப் போன அன்று அழகுபாண்டி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றே ஒன்று கேட்டான். “யார்ட்டயும் சொல்லிராத மாப்ள. நான் அறுந்த காப்போட சட்டி எடுத்தது எங்கம்மாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னய மன்னிக்காது.” டாக்டர் முன்னாலேயே சொன்னதுதானே என்றேன். காதில் வாங்கவில்லை. “நாள் கணக்குன்னுதான் சொன்னாரு. அதுல எத்தன நாள நான் கொறச்சேனோ” என்றான். சொல்ல மாட்டேன் என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு அவன் கல்லூரிக்கு வரவில்லை. போனை எடுப்பதில்லை. அணியிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்தோம், பருத்திக் காட்டில் உட்கார்ந்திருந்தான், வந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள்.

கார்த்திகைக் கடைசியில் பாராட்டு விழா வைத்தார்கள். வாசலில் தனியாக வைக்கும் பெரிய ஃப்ளெக்ஸில் எந்தப் படத்தைப் போடலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். கோல் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழகுபாண்டி ஓடி வரும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் நல்ல படம் அதுதான். அவனை அப்படிச் சந்தோஷமாக நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் கல்லூரி வாசலில் இருபதடி உயரத்துக்கு அதைத் தூக்கி நிறுத்தியபோதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. இருபதடி உயரத்தில், வெறும் கை. சாரிடம் மாற்றச் சொன்னேன். “ஏன்டா, இம்புட்டு நல்ல படத்த?” என்றார். காரணம் சொல்ல முடியவில்லை. அதே நேரம் அவர் இன்னொன்றும் சொன்னார். ஊருக்கே போய் அழைத்தாராம், அழகுபாண்டி வரமாட்டேன் என்றுவிட்டானாம். அவன் சார்பில் அம்மா வரலாம்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். புருசன் செத்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அவர்கள் பக்கம் அப்படியொரு பெண் விசேஷ வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஆனால் வந்தார். கொட்டுச் சத்தம், பட்டாசு, மாணவர்கள் விசில் எல்லாவற்றுக்கும் நடுவில், வெளிறிய நீலச் சேலையில் வாசலைத் தாண்டி நடந்து வந்தார். சிறப்பு விருந்தினர் வந்து சேராததால் விழா தொடங்கவில்லை. முதல் வரிசையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று கடைசியில் போய் ஓரமாக உட்கார்ந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பைக் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“நான் கப்பு வாங்க வரல தம்பி. ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன். அவன் எங்கூடப் பேசியே ஒரு மாசமாச்சு. சோறு வச்சா திங்கிறான், திங்கலன்னா அப்பிடியே கெடக்கு. எம் மொகத்த ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறான். அப்பன் செத்த துக்கம்னுதான் இருந்தேன். ஆனா அது இப்பிடி இருக்காதுய்யா. ஒங்கிட்ட எதும் சொன்னானா?”

“இல்லம்மா. அப்பாவ நெனச்சுத்தான்...”

“வாசல்ல பெருசா ஒரு படம் வச்சிருக்கீகள்ல? அதுல ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஓடியாரான்.”

“ஆமாம்மா.”

“அது காப்புக் கட்டுன வாரத்துல வெளையாண்டதுதான? கையில காப்பக் காணோமே.”

சொல்ல எத்தனையோ பொய் இருந்தது. அது பழைய படம் என்று சொல்லியிருக்கலாம். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் அழித்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்லத் தெரியாதவனும் இல்லை, சேலைக்கடையில் வளர்ந்தவன். ஆனால் அந்த அம்மா என்னைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. அவன் ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று தெரிந்தால் போதும் என்பது மாதிரி பார்த்தார். செய்த சத்தியம் அந்த இடத்திலேயே போனது. குழாயடி, சோப்பு, கத்தரி, கையுறை, முடிச்சு எல்லாவற்றையும் சொன்னேன். “அவன் மாட்டேன்னுதாம்மா சொன்னான். நான்தான் வெட்டுனேன். அடிக்கிறதுன்னா என்னய அடிங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் டீ கிளாஸைச் சுவர் மேல் வைத்தார்.

“கத்தரியா வச்சு வெட்டுன?”

“ஆமாம்மா.”

“கையில எதும் படலையே?”

“படல.”

உள்ளே மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட கிறுக்குப் பயலுகளா. இதையா மறச்சீக? அவுக அப்பாவுக்கே ரெண்டு தடவ அறுந்திருக்கு. ஒருவாட்டி மாடு இழுத்து அறுந்துச்சு, ஒருவாட்டி பருத்தி மூடையத் தூக்கயில அறுந்துச்சு. அறுந்தா பூசாரிகிட்டச் சொல்லணும். தலைக்கு ஊத்திட்டு வான்னுவாரு. சாமிகிட்டச் சூடத்தக் கொளுத்தி, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லி, வேற காப்புக் கட்டி விட்ருவாரு. அம்புட்டுத்தான். சின்னப் புள்ளைகளுக்கு அறுந்தாலும் இப்பிடித்தான் மாத்திக் கட்டி விடுறது. இவன் ஆஸ்டல்லயே கெடந்த பய, இவனுக்குத் தெரியல. ஒரு போனு போட்டிருக்கலாம்லய்யா? அன்னைக்கு நானே அவனுக்குப் போட்டேன், நல்லா வெளையாடுடான்னு சொல்ல. எடுக்கலயே.”

கேட்கத் தோன்றவே இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் சோப்பைத் தேடினோம், கத்தரியைத் தேடினோம், பொய்யைத் தேடினோம். தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கேட்டால் கூடாது என்றுவிடுவார்களோ என்ற பயம்தான், வேறென்ன. ஆனாலும் அந்தத் திகைப்புக்குள்ளேயே ஒரு சந்தோஷம் எழுந்தது. இதைச் சொன்னால் போதுமே, அவன் எழுந்து உட்கார்ந்துவிடுவானே என்று தோன்றியது.

“அம்மா, இப்பவே நான் ஒங்ககூட வாரேன். அவன்கிட்ட இத அப்பிடியே சொல்லிர்றேன். இது பெரிய குத்தமே இல்லன்னு தெரிஞ்சா...”

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

“வேணாம்யா. அத மட்டும் சொல்லிராத.”

“ஏம்மா?”

“இப்ப அவன் சாமி குத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அது சாமி பாத்துக்கிறது. போகப் போக ஆறிரும். செவ்வாய்க்கெழம வரைக்கும் நாளு இருந்துச்சே, ஒரு வார்த்த கேட்டிருந்தா சரியாப் போயிருக்குமேன்னு தெரிஞ்சுச்சுன்னு வையி, அப்பறம் காலத்துக்கும் அந்த மூணு நாளையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பான். அத அவன் தாங்க மாட்டான். எனக்குத் தெரிஞ்சதாவும் காட்டிக்கிராத. பெறகு எம் மொகத்துல முழிக்க மாட்டான்.”

நான் கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். “அதனாலதான் அப்பாவுக்கு இப்பிடி ஆச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்களாம்மா?”

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“எனக்கு என்னய்யா தெரியும்” என்றார்.

உள்ளே பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்த்துறை கனகலட்சுமி மேடம்தான் நிகழ்ச்சித் தொகுப்பு. “முள்ளுக்காட்டில் முளைத்த அணி, நான்கே ஆண்டில் முடிசூடிய அணி” என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, ஒவ்வொரு பெயருக்கும் விசில் பறந்தது. வெற்றிக் கோல் அடித்த அழகுபாண்டியின் சார்பில் அவரைப் பெற்ற வீரத்தாய் என்று கூப்பிட்டார்கள். சீனியம்மாள் படியேறும்போது ஒருகணம் தயங்கினார். மேடையில் குத்துவிளக்கும் மங்கலப் பொருட்களும் இருந்தன. அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்து நின்றார். தாளாளர் பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார். மகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

“அவனுக்கு மேலுக்குச் சரியில்ல. அதான் வரல. நல்லா வெளையாண்டான்னு சொன்னீக, சந்தோசம். எல்லாப் புள்ளைகளும் நல்லாருக்கணும்.”

அவ்வளவுதான் பேசினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கேப்டன் பக்கத்தில் நிற்கட்டும் என்று என்னை இழுத்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். இறங்கும்போது, “அவன எப்பிடியாவது காலேஜுக்கு வர வச்சிரு. படிப்ப முடிக்கட்டும்” என்று என் காதுக்கு மட்டும் சொன்னார்.

எட்டு நாள் கழித்து அழகுபாண்டி தானாகவே வந்தான். நான் மைதானத்திலிருந்து ஓடினேன். தாடி விட்டிருந்தான், ஆள் பாதியாகியிருந்தான். அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தான். டி.சி. வாங்க வந்திருக்கிறானாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறானாம்.

“இன்னும் ஒரு செமஸ்டர்தான்டா இருக்கு. முடிச்சுட்டுப் போ.”

“போறேன் மாப்ள. வீட்ல இருக்க முடியல. அம்மா மூஞ்சியப் பாக்க முடியல.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், அடுத்த வருடம் மாநில அணிக்குத் தேர்வு நடக்கும் என்றேன். ஒன்றுக்கும் அவன் முகம் அசையவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவன் நிற்பானா, இன்னும் உடைந்துபோவானா என்று எனக்குத் தெரியவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அவனே என் தோளைத் தொட்டான்.

“விழாவுக்கு வந்தப்ப எங்கம்மா ஒங்கிட்ட எதும் கேட்டுச்சா மாப்ள?”

“பேரையூர் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல.”

அவன் நீளமாக மூச்சு விட்டான். இறுதிப் போட்டிக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். “நல்லவேள மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட உள்ளே போனான்.